அனுப்புநரின் வரலாறு: ஸ்பேம் வடிகட்டி எதை வைத்து ஒருவரை நம்புகிறது?

ஒரு மின்னஞ்சல் வந்து சேரும் முதல் விநாடியில், அதைப் பெறும் சர்வருக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: இணைப்பு எந்த ஐபி முகவரியிலிருந்து (இணையத்தில் ஒரு கணினியை அடையாளம் காட்டும் எண்) வருகிறது என்பது. மற்றதெல்லாம் எதிர்முனை தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது. ‘ஹெலோ’ கட்டளையில் வரும் சர்வரின் பெயர், ‘மெயில் ஃப்ரம்’ கட்டளையில் வரும் முகவரி, நாம் திரையில் பார்க்கும் ‘ஃப்ரம்’ வரி ஆகிய மூன்றிலும் அனுப்புபவர் தனக்குத் தோன்றியதை எழுதலாம். 1982இல் ஜான் போஸ்டல் எழுதிய, மின்னஞ்சல்களைக் கொண்டுசெல்லும் எஸ்எம்டிபி நெறிமுறையில் இவற்றைச் சரிபார்க்க வழியே இல்லை. அன்றைய வலையமைப்பில் இருந்தவை பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும்தான். யார் எந்தக் கணினியில் உட்கார்ந்திருக்கிறார் என்பது கிட்டத்தட்ட எல்லோருக்கும் தெரியும்.

அந்த அறிமுகம் எவ்வளவு வலுவான பாதுகாப்பு என்பதற்கு 1978 மே மாதமே சாட்சி. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் கேரி துர்க், தங்கள் புதிய கணினிகளின் அறிமுக நிகழ்ச்சிக்கு வரச்சொல்லி இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு ஒரே மடலை அனுப்பினார். முதல் ஸ்பேம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான். ஆர்பாநெட்டை நடத்திவந்த அமெரிக்கப் பாதுகாப்புத் துறையிலிருந்து கண்டனம் வந்தது. விஷயம் அத்தோடு முடிந்தது. அனுப்பியவர் யார் என்று தெரிந்ததால் ஒரு கண்டிப்பே போதுமானதாக இருந்தது.

பிற்காலத்தில் ஸ்பேமை எதிர்த்து நடந்த வேலைகளில் பெரும்பகுதி, கைநழுவிப்போன அந்த அறிமுகத்தைக் கணக்குப் போட்டு மீட்கும் முயற்சி என்றே நான் பார்க்கிறேன். இன்று வந்த கடிதம் என்ன சொல்கிறது என்பதைவிட, இதை அனுப்பியவர் இதுவரை எப்படி நடந்துகொண்டார் என்பதே நல்ல கேள்வி. ஆனால் அதற்குப் பதில் சொல்லும் முறையில்தான் பல சிக்கல்கள் ஒளிந்திருக்கின்றன. அந்தச் சிக்கல்களின் சுமை பெரும்பாலும் ஸ்பேமர்கள் தலையில் விழுவதில்லை.

கடிதத்தின் உள்ளடக்கத்தைப் பார்த்தே முடிவெடுத்தால் போதாதா? 2002இல் பால் கிரஹாம் இந்த வழியைப் பிரபலப்படுத்தினார். எந்தச் சொல் ஸ்பேமில் எவ்வளவு வருகிறது, நல்ல கடிதத்தில் எவ்வளவு வருகிறது என்று எண்ணி, பேய்ஸ் தேற்றத்தின்படி நிகழ்தகவு கணக்கிடும் முறை அது. நன்றாகவே வேலை செய்தது. இன்றும் பல வடிகட்டிகளுக்குள் இருக்கிறது. ஆனால் சொற்கள் ஸ்பேமரின் கையில் இருப்பவை. எழுத்துக்கு நடுவே புள்ளி வைத்தார்கள், கடிதத்தின் அடியில் ஏதோ கதையிலிருந்து பத்திகளை வெட்டி ஒட்டினார்கள், 2006 வாக்கில் சொற்களையே விட்டுவிட்டு முழு விளம்பரத்தையும் படமாக்கி அனுப்பினார்கள். ஒவ்வொரு தந்திரத்துக்கும் அவர்களுக்கு ஆன செலவு சொற்பம். நேற்று வரை நடந்ததை அப்படி மாற்றி எழுத முடியாது. அது பெறுநரின் சர்வரில் பதிவாகி இருக்கிறது.

வரலாற்றைப் பயன்படுத்தும் முதல் பெரிய முயற்சி ஐபி முகவரிகளின் கறுப்புப் பட்டியல். 1997இல் பால் விக்ஸியும் டேவ் ராண்டும் தொடங்கிய பட்டியல்தான் முன்னோடி. மறு ஆண்டு ஸ்டீவ் லின்ஃபோர்ட், இதேபோன்ற பட்டியல்களை வெளியிடும் ஸ்பேம்ஹாஸ் அமைப்பைத் தொடங்கினார். இவற்றைக் கேட்கும் முறை மிக எளிமையானது, 25 ஆண்டுகளுக்குப் பிறகும் மாறவில்லை. 192.0.2.10 என்ற முகவரியிலிருந்து இணைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம் (உதாரணங்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட எண் இது). பெறும் சர்வர் அதைத் திருப்பிப் போட்டு 10.2.0.192 ஆக்கி, பட்டியலின் டொமைன் பெயரை அதன் பின்னால் ஒட்டி, ஒரு சாதாரண டிஎன்எஸ் (டொமைன் பெயருக்கு உரிய ஐபி எண்ணைத் தேடித்தரும் அமைப்பு) கேள்வியாகக் கேட்கிறது. ‘அப்படி ஒரு பெயர் இல்லை’ என்று பதில் வந்தால் முகவரி பட்டியலில் இல்லை. 127.0.0.2 போன்ற ஒரு விடை வந்தால் இருக்கிறது. கடிதத்தின் ஒரு வரிகூட வந்து சேர்வதற்கு முன்பே, சில மில்லிவிநாடிகளில் கதவைச் சாத்திவிடலாம். பெரிய சர்வர்களுக்கு இது உயிர்நாடி. வருகிற ஒவ்வொரு கடிதத்தையும் உள்ளே வாங்கிப் படித்துப் பார்த்து முடிவெடுக்க எந்த இயந்திரத்துக்கும் கட்டுப்படியாகாது.

ஐபி முகவரியின் வரலாறு எவ்வளவு தூரம் தாங்கும்? வைரஸ் தொற்றிய வீட்டுக் கணினிகளின் கூட்டமான பாட்நெட்கள் வந்ததும் இந்தக் கேள்வி எழுந்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தின் அனிருத் ராமச்சந்திரனும் நிக் ஃபீம்ஸ்டரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில் முக்கியமான ஒரு விஷயம் தெரியவந்தது. தாங்கள் கவனித்த டொமைனுக்கு ஸ்பேம் அனுப்பிய பாட்களில் பெரும்பாலானவை மிகச் சில கடிதங்களையே அனுப்பியிருந்தன. ஒரு முகவரியின் மேல் புகார் சேர்ந்து பட்டியலில் ஏறுவதற்குள் அந்த முகவரியின் வேலை முடிந்துவிடுகிறது, அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: ஸ்பேமின் பெரும்பகுதி ஐபி பரப்பின் சில குறிப்பிட்ட பகுதிகளிலிருந்தே வருகிறது. தனி முகவரிக்கு வரலாறு இல்லாவிட்டாலும், அது இருக்கும் வட்டாரத்துக்கு வரலாறு உண்டு.

2008 நவம்பர் 11 அன்று கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் இயங்கிய மெக்கோலோ என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் இணைய இணைப்பைத் துண்டித்தார்கள். பல பெரிய பாட்நெட்களுக்குக் கட்டளை கொடுத்த சர்வர்கள் அங்கே இருந்தன. உலகின் ஸ்பேம் அளவு ஒரே நாளில் பாதிக்கும் மேல் சரிந்தது. சில மாதங்களில் பழைய நிலைக்குத் திரும்பியது என்பது வேறு விஷயம். ஒரே ஒரு வலையமைப்பின் பெயர் எவ்வளவு கெட்டுப்போயிருக்க முடியும் என்பதை அன்று எல்லோரும் பார்த்தார்கள்.

வட்டாரத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வதன் மறுபக்கமும் உண்டு. மலிவான கிளவுட் சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, எல்லாவற்றையும் ஒழுங்காக அமைத்து, முதல் கடிதத்தை அனுப்பியதுமே அது ‘550 5.7.1’ என்ற மறுப்பு எண்ணோடு திரும்பி வருவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அவர்கள் தவறு எதுவும் செய்திருக்க மாட்டார்கள். அந்த எண்ணை அதற்கு முன் வாடகைக்கு வைத்திருந்தவரும், அக்கம்பக்கத்து எண்களில் இருப்பவர்களும் செய்தது அவர்கள் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது.

கறுப்புப் பட்டியலுக்கு இரண்டே பதில்கள்தான்: உண்டு, இல்லை. அதைவிட நுணுக்கமான முறை ஒன்று ஸ்பேம்அசாசின் என்ற திறமூல வடிகட்டியில் இருக்கிறது. நான் பார்த்தவற்றில் வரலாற்றை மிக நேர்மையாகக் கையாளும் எளிய கணக்கு இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்பேம்அசாசின் ஒவ்வொரு கடிதத்தையும் நூற்றுக்கணக்கான விதிகளோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடும். இயல்பான அமைப்பில் 5.0 எல்லை, அதைத் தொட்டால் ஸ்பேம். இதில் ‘ஏடபிள்யூஎல்’ என்றொரு செருகுநிரல் உண்டு. ஒவ்வொரு அனுப்புநர் முகவரியையும், கடிதம் வந்த ஐபி எண்ணின் முதல் பாதியையும் சேர்த்து ஒரு சாவியாக வைத்துக்கொண்டு, அந்தச் சாவியில் இதுவரை வந்த கடிதங்கள் எத்தனை, மொத்த மதிப்பெண் எவ்வளவு என்று மட்டும் குறித்துவைக்கும். புதுக் கடிதம் வந்ததும், அதன் மதிப்பெண்ணைப் பழைய சராசரியை நோக்கிப் பாதித் தூரம் நகர்த்தும். அவ்வளவுதான்.

எண்ணில் பார்ப்போம். உங்கள் அலுவலகத்துக்கு ஒரு கணக்காளர் 10 கடிதங்கள் அனுப்பியிருக்கிறார், சராசரி 1.0. பதினோராவது கடிதத்தில் வரி கட்டும் கடைசித் தேதியைச் சிவப்பு நிறத்தில் பெரிய எழுத்தில் போட்டு, நான்கைந்து சுட்டிகளையும் சேர்த்துவிட்டார். விதிகள் 6.4 கொடுக்கின்றன. வரலாறு இல்லாமல் இருந்தால் அது ஸ்பேம் பெட்டிக்குப் போயிருக்கும். இப்போது 1.0க்கும் 6.4க்கும் நடுவில், 3.7இல் வந்து நிற்கிறது, உள்ளே வந்துவிடும். எதிர்த்திசையிலும் இதே கணக்குதான். ஆறு கடிதங்களில் சராசரி 14 வாங்கிய ஒருவர், ஏழாவதை மிகக் கவனமாக எழுதி 3.2 வாங்குகிறார். நடுப்புள்ளி 8.6, வெளியேதான். இந்தச் செருகுநிரலுக்கு ‘தானியங்கி வெள்ளைப் பட்டியல்’ என்று பெயர் வைத்ததால் பலர் இது நல்லவர்களைக் காப்பாற்ற மட்டும்தான் என்று நினைத்துவிட்டார்கள். உண்மையில் இரு பக்கமும் இழுக்கும் ஒரு சராசரி அது.

இந்தக் கணக்கில் நான் மதிக்கும் விஷயங்கள் இரண்டு. வரலாற்றில் குறிக்கப்படுவது நகர்த்தப்பட்ட 3.7 இல்லை, விதிகள் கொடுத்த 6.4தான். கணக்காளரின் சராசரி 1.0லிருந்து ஏறத்தாழ 1.5க்கு ஏறும். அடுத்த கடிதமும் இப்படியே இருந்தால் சலுகை குறையும். நல்ல பெயரை வைத்துக்கொண்டு தொடர்ந்து மோசமாக அனுப்பினால் அந்தப் பெயர் தானாகக் கரைந்துவிடும்; சலுகையே சலுகையை வளர்க்காது. இரண்டாவது, ஐபி எண்ணின் பாதியைச் சாவியில் சேர்த்தது. கணக்காளரின் முகவரியைப் போலியாகப் போட்டு எங்கிருந்தோ ஒருவர் அனுப்பினால், ஐபி பாதி வேறாக இருக்கும்; அது புது ஆளின் கணக்காகத் தொடங்கும். இவருடைய நல்ல பெயர் அந்த ஆளுக்குப் போகாது, அந்த ஆளின் கெட்ட பெயரும் இவருக்கு வராது.

குறையும் பெரியதுதான். வடிகட்டி தன் தீர்ப்பையே தனக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்கிறது. அதன் விதிகளில் ஒருதலைப்பட்சம் இருந்தால் வரலாறு அதைத் திருத்தாது, அப்படியே சுமந்து செல்லும். தமிழில் கடிதம் எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஸ்பேம்அசாசினில் ‘டெக்ஸ்ட்கேட்’ என்று மொழியைக் கண்டுபிடிக்கும் செருகுநிரல் ஒன்று இருக்கிறது. சர்வர் நிர்வாகி ‘எங்களுக்கு ஆங்கிலமும் ஜெர்மனும் போதும்’ என்று அமைத்துவிட்டால், வேறு மொழியில் வரும் கடிதத்துக்கு வழக்கமான மதிப்பீட்டில் 2.8 புள்ளி அபராதம். தமிழும் அது அறிந்த மொழிகளில் ஒன்று. ஆகவே தமிழ்க் கடிதத்தைத் தமிழ் என்று கண்டுபிடித்தே அபராதம் போடும்.

அப்படிப்பட்ட ஒரு சர்வருக்கு இரண்டு பேர் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஆங்கிலத்தில் எழுதுகிறார், சராசரி 0.7. மற்றவர் அதே தரத்தில் தமிழில் எழுதுகிறார். அபராதமும் சேர்ந்து சராசரி 3.5. இருவரும் ஒருநாள் சுட்டிகள் நிறைந்த ஒரு கடிதம் அனுப்புகிறார்கள். ஆங்கிலக் கடிதம் 4.2 வாங்கி, வரலாற்றால் 2.45க்கு இறங்கிச் சுகமாக உள்ளே போகிறது. தமிழ்க் கடிதம் 7.0 வாங்கி, 5.25க்கு இறங்கி, வெளியே நிற்கிறது. கழித்துப் பாருங்கள்: இருவருக்கும் உள்ள இடைவெளி அதே 2.8. எத்தனை வருடம் ஒழுங்காகக் கடிதம் எழுதினாலும் அந்த இடைவெளி ஒரு புள்ளிகூடக் குறையாது.

இதிலிருந்து வெளியே வர, வடிகட்டிக்கு வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும். மனிதர்தான் அந்தச் சாட்சி. 2014இல் வந்த ஸ்பேம்அசாசின் 3.4.0 பதிப்பில் ஏடபிள்யூஎல்லுக்கு மாற்றாக ‘டிஎக்ஸ்ரெப்’ சேர்க்கப்பட்டது. இது முகவரி, டொமைன், ஐபி, ஹெலோ பெயர் என்று பல சாவிகளில் தனித்தனியாகக் கணக்கு வைத்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு எடை கொடுக்கிறது. பயனர் ஒரு கடிதத்தை ‘இது ஸ்பேம் இல்லை’ என்று கற்றுக்கொடுத்தால் அனுப்பியவரின் பெயர் அதனால் உயரும்படி அமைக்கலாம். நீங்கள் ஒருவருக்குக் கடிதம் அனுப்பினால் அவருடைய பெயரும் உங்கள் சர்வரில் உயரும். என் கணிப்பில் இந்தக் கடைசி விஷயம் மற்ற எல்லாவற்றையும்விடக் கனமான சாட்சி. ஸ்பேமருக்கு யாரும் முன்வந்து கடிதம் எழுதுவதில்லை. உலகளாவிய பட்டியல்கள் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், இந்த அலுவலகத்துக்கும் இந்த அனுப்புநருக்கும் இடையே என்ன உறவு என்பது அவற்றுக்குத் தெரியாது. சிறிய சர்வரின் சொந்தப் பதிவேட்டுக்குத் தெரியும்.

மனிதச் சாட்சியைப் பெரிய அளவில் பயன்படுத்தியது ஜிமெயில். கூகுளின் பிராட்லி டெய்லர் 2006இல் ஒரு மாநாட்டில் அளித்த கட்டுரை, கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் மின்னஞ்சல் சேவையில் அனுப்புநரின் நற்பெயரை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று வெளிப்படையாக விவரித்தது. வடிகட்டியின் தீர்ப்போடு, ‘ஸ்பேம்’ என்றும் ‘ஸ்பேம் இல்லை’ என்றும் பயனர்கள் அழுத்தும் பொத்தான்களையும் சேர்த்து டொமைன் வாரியாகக் கணக்கு வைத்தார்கள். மிக நல்ல பெயர் எடுத்த டொமைனின் கடிதம் நேரே உள்ளே, மிகக் கெட்ட பெயருடையது நேரே ஸ்பேம் பெட்டிக்கு, நடுவில் இருப்பவற்றுக்கு மட்டும் மற்ற சோதனைகள்.

டொமைனின் பெயரில் கணக்கு வைக்க வேண்டுமானால், கடிதம் உண்மையிலேயே அந்த டொமைனிலிருந்துதான் வந்ததா என்று தெரிய வேண்டும். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் ஆகிய மூன்றும் அதற்காக வந்தவை. எந்த ஐபிகளிலிருந்து என் கடிதம் வரலாம் என்று டொமைன்காரர் டிஎன்எஸ்ஸில் அறிவிப்பது எஸ்பிஎஃப் (2006இல் ஆவணமானது). கடிதத்தின் மேல் டிஜிட்டல் கையொப்பம் இடுவது டிகிம் (2007). இவற்றில் தேறாத கடிதத்தை என்ன செய்ய வேண்டும் என்று டொமைன்காரரே சொல்லிவைப்பது டிமார்க் (2015இல் ஆவணமானது). இவை ஸ்பேமைத் தடுக்கும் என்று நினைப்பது பரவலான தவறு. ஸ்பேமரும் ஒரு டொமைனை வாங்கி மூன்றையும் கச்சிதமாக அமைத்துக்கொள்வார். பல சமயம் நம்மைவிடக் கச்சிதமாக. கையொப்பம் சொல்வது ‘இவர் நல்லவர்’ என்றல்ல, ‘இவர் இவர்தான்’ என்று மட்டும். வரலாற்றை யார் பெயரில் எழுதுவது என்ற கேள்விக்கு அது பதில் தருகிறது. பிறகு என்ன எழுதப்படுகிறது என்பது அவர் நடத்தையைப் பொறுத்தது.

பொத்தான்களை ஸ்பேமர்களும் விட்டுவைக்கவில்லை. ஆயிரக்கணக்கில் போலிக் கணக்குகளைத் திறந்து, தங்கள் கடிதங்களைத் தாங்களே ஸ்பேம் பெட்டியிலிருந்து எடுத்து ‘ஸ்பேம் இல்லை’ என்று அழுத்த ஆரம்பித்தார்கள். இதைக் கண்டுபிடிக்கும் வழியைப் பற்றி 2011இல் வெளியான ஆய்வொன்றில் அதே அனிருத் ராமச்சந்திரனின் பங்கும் உண்டு. அனுப்புநருக்கு மட்டுமில்லை, சாட்சி சொல்லும் பயனருக்கும் ஒரு வரலாறு பார்க்க வேண்டியதாயிற்று.

அடுத்தது புதியவர்களின் பிரச்சினை. மனதில் ஒரு மளிகைக் கடையை வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் பல வருடமாகக் குடியிருப்பவருக்கு அண்ணாச்சி நோட்டில் எழுதிக் கடன் கொடுப்பார். நேற்று குடிவந்தவருக்குக் கொடுக்கமாட்டார். அவர் மோசக்காரர் என்பதால் இல்லை, மோசக்காரர் ஒவ்வொரு மாதமும் புதிதாகக் குடிவந்தவராக வேடம் போட முடியும் என்பதால். பொருளியல் நோக்கில் இதை எரிக் ஃப்ரீட்மனும் பால் ரெஸ்னிக்கும் 2001இல் ஆராய்ந்து காட்டினார்கள். புதுப் பெயரை மலிவாக எடுக்க முடிகிற இடத்தில், புதியவர்கள் எல்லோரையும் கொஞ்சம் சந்தேகிப்பதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை. அந்தச் சந்தேகத்தின் விலையை நேர்மையான புதியவர்கள் கொடுக்கிறார்கள்.

டொமைன்கள் உண்மையிலேயே மலிவு. அதனால்தான் நேற்றுப் பதிவான டொமைனிலிருந்து வரும் கடிதத்தைப் பல வடிகட்டிகள் தொடக்கத்திலேயே சந்தேகத்தோடு பார்க்கின்றன. புதிதாகக் கண்ணில் பட்ட டொமைன்களுக்கென்றே ஸ்பேம்ஹாஸ் தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. பெருமளவில் அனுப்பத் தொடங்கும் நிறுவனங்கள் புது ஐபியை ‘வார்ம் அப்’ செய்கின்றன. முதல் நாள் மிகச் சில கடிதங்கள், தங்களோடு அதிகம் தொடர்பில் இருக்கும் வாடிக்கையாளர்களுக்கு மட்டும். பிறகு நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிச் சில வாரங்களில் முழு அளவுக்கு வருவார்கள். ஸ்பேமர்களும் இதைக் கற்றுக்கொண்டார்கள். நூற்றுக்கணக்கான ஐபிகளிலும் டொமைன்களிலும் கடிதங்களைப் பரப்பி, எந்த ஒன்றிலும் புகார் அதிகம் சேராமல் பார்த்துக்கொள்வார்கள். ‘ஸ்னோஷூ’ என்று அதற்குப் பெயர். நிதானமாக வளரும் நல்ல நிறுவனமும், நிதானமாக வளர்வதுபோல நடிக்கும் ஸ்பேமரும் முதல் இரண்டு வாரங்களில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள்.

பழைய பெயர் விலைபோகும் என்றால் அதைத் திருடுவதும் லாபம். பல ஆண்டுகள் ஒழுங்காக இருந்த ஒரு பல்கலைக்கழக மின்னஞ்சல் கணக்கின் கடவுச்சொல் பறிபோனால், ஒரே இரவில் அதிலிருந்து ஆயிரக்கணக்கில் ஃபிஷிங் கடிதங்கள் (ஏமாற்றிக் கடவுச்சொல்லையோ பணத்தையோ பறிப்பவை) கிளம்பும். கையொப்பம் சரி, டொமைன் பழையது, வரலாறு சுத்தம். அந்த நேரத்தில் வரலாறு வடிகட்டிக்கு உதவுவதில்லை, திருடனுக்குத்தான் உதவுகிறது. ஆகவே பழக்கத்திலிருந்து திடீரென்று விலகுவதையும் கவனிக்க வேண்டும். ஒரு நாளைக்கு 20 கடிதம் அனுப்புகிறவர் ஒரு மணி நேரத்தில் 2,000 அனுப்பினால், பெயர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வேகத்தைக் குறைத்து வைப்பதே சரி. ஜிமெயிலின் ‘421 4.7.28’ என்ற பதில் இந்த வகைதான்: மறுப்பு இல்லை, உங்கள் முகவரியிலிருந்து வேண்டாத கடிதங்கள் வழக்கத்துக்கு மாறாக வருகின்றன, பிறகு வாருங்கள் என்பது.

மறதியும் வேண்டும். டிஎக்ஸ்ரெப்பில் ஒவ்வொரு புதுக் கடிதம் வரும்போதும் பழைய பதிவின் எடை கொஞ்சம் நீர்க்கும். இயல்பான அளவு 0.98. சுமார் 34 கடிதங்களில் பழையதன் எடை பாதியாகும். மாதத்துக்கு ஒரு கடிதம் எழுதுகிறவருக்கு அது மூன்று வருடத்துக்கு நெருக்கமான காலம். நாளுக்குப் பத்து எழுதுகிறவருக்கு நான்கு நாள்கூட இல்லை. காலத்தை வைத்து மறக்காமல் கடிதத்தின் எண்ணிக்கையை வைத்து மறப்பதால், அரிதாக எழுதுகிறவரின் மேல் விழுந்த ஒரு கறை வெகுநாள் நிற்கும். சர்வரை நிர்வகிப்பவர்கள் இந்த எண்ணைத் தங்கள் பயனர்களின் பழக்கத்துக்கு ஏற்ப மாற்றிப் பார்க்க வேண்டும். நிறையப் பேர் அதைத் தொடுவதே இல்லை.

2023 அக்டோபரில் கூகுளும் யாஹூவும் அறிவித்து 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த விதிகள், இத்தனை நாள் உள்ளுக்குள் நடந்த கணக்கின் ஒரு பகுதியை வெளியே கொண்டுவந்தன. ஜிமெயில் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் கட்டாயம். விளம்பரக் கடிதங்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதி கட்டாயம். பயனர்கள் ஸ்பேம் என்று குறிக்கும் விகிதம் 0.1 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது, 0.3ஐத் தொடவே கூடாது. ஒரு வருடம் கழித்து, 2025 மே மாதம், மைக்ரோசாஃப்டும் அவுட்லுக்கில் இதுபோன்ற விதிகளைக் கொண்டுவந்தது. விலகும் பொத்தானைக் கட்டாயமாக்கியதை நான் மனதார வரவேற்கிறேன். விலக வழி கிடைக்காத எரிச்சலில்தான் பெரும்பாலோர் ஸ்பேம் பொத்தானை அழுத்துகிறார்கள்.

ஆனால் அந்த விகிதத்தைச் சிறியவர்கள் பக்கமிருந்து பாருங்கள். 0.3 சதவீத வரம்பு நாளுக்கு 5,000 அனுப்புகிறவர்களுக்கு மட்டும் சொல்லப்பட்டதில்லை. எல்லா அனுப்புநர்களுக்கும் பொதுவான விதிகளிலும் அது இருக்கிறது. ஒரு சிறு வாசகர் வட்டம் மாதம் ஒருமுறை 300 பேருக்குக் கடிதம் அனுப்புகிறது. அதில் ஒருவர், ஒரே ஒருவர், கை தவறி ஸ்பேம் பொத்தானைத் தொட்டுவிட்டால் விகிதம் 0.33. ஒரு லட்சம் பேருக்கு அனுப்பும் வணிக நிறுவனத்துக்கு 299 பேர் கோபத்தோடு அழுத்தினாலும் அது வரம்புக்குள். கூகுள் இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு வகுத்துப் பார்க்கிறது என்று சொல்ல வரவில்லை. குறைந்த எண்ணிக்கையில் விகிதம் என்பது நம்பத்தக்க அளவுகோலே இல்லை என்பதைத்தான் சொல்கிறேன். இத்தகைய இடங்களில் புள்ளியியலில் வழக்கமாகச் செய்வதுபோல, போதுமான கடிதங்கள் சேரும்வரை பொதுச் சராசரியை ஒட்டியே மதிப்பிட்டு, தரவு சேரச் சேர அனுப்புநரின் சொந்த எண்ணுக்கு எடையைக் கூட்டுவதே நியாயம்.

தன்னைப் பற்றி எழுதப்பட்டதைத் தானே பார்க்க முடிவதும் நியாயத்தில் சேர்ந்ததுதான். கூகுள் 2015இல் போஸ்ட்மாஸ்டர் கருவிகளை வெளியிட்டபோது, டொமைனின் பெயரை உயர்வு, நடுத்தரம், தாழ்வு, மோசம் என நான்கு படிகளில் அனுப்புநருக்கே காட்டியது பெரிய முன்னேற்றம். மைக்ரோசாஃப்டும் ஐபிகளுக்கு இதுபோன்ற ஒரு சேவையைத் தருகிறது. ஆனால் போஸ்ட்மாஸ்டர் கருவிகளில் தரவு தெரிய வேண்டுமானால் கணிசமான எண்ணிக்கையில் கடிதம் அனுப்பியிருக்க வேண்டும். மேலே சொன்ன வாசகர் வட்டம் அதில் பதிவு செய்து பார்த்தால் பெரும்பாலும் வெற்றுக் கட்டமே கிடைக்கும். ஸ்பேம்ஹாஸ் இந்த விஷயத்தில் மேலானது: எந்த ஐபியையும் அதன் தளத்தில் யாரும் தேடலாம், எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று தெரியும், நீக்கச்சொல்லி விண்ணப்பிக்கும் வழியும் அங்கேயே இருக்கும்.

சிறிய சர்வரை நடத்துகிறவர்கள் தாங்கள் நிராகரிக்கும் கடிதங்களிலாவது இதைச் செய்துவிட முடியும். ‘550 5.7.1’ என்ற எண்ணோடு நிறுத்தாமல், அதே வரியில் எந்தப் பட்டியலால் அல்லது எந்த விதியால் மறுத்தோம் என்றும், தவறு என்று தோன்றினால் யாருக்கு எழுத வேண்டும் என்றும் சேர்க்கலாம். அந்த முகவரிக்கு வரும் கடிதங்களை மட்டும் வடிகட்டியிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முறையிட வருகிறவரும் அதே ஐபியிலிருந்து எழுதி, அதே பட்டியலில் சிக்கி, அதே எண்ணோடு திரும்பிப் போவார்.